எண்ணெய் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், வழிப்போக்கர்கள் மூக்கை வைத்தே ஊருக்குள் வழி கண்டுபிடித்த காலத்தில், ஆற்றங்கரையில் ஒரு தலைநகரம் இருந்தது. வடக்கு வாசலில் பொரி வறுக்கும் வாசனை வரும். சந்தைப் பக்கம் போனால் பச்சை மஞ்சள் மணக்கும். கிழக்கு வாசலை நெருங்கும்போது மல்லிகை எண்ணெயின் மணம் வந்துவிட்டால், செக்கடித் தெரு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அப்படி வழி சொல்ல ஆளும் இல்லை, சொன்னாலும் கண்டுபிடிக்க நம் மூக்குக்குத் தெரியாது.

அந்த எண்ணெயை எப்படிச் செய்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையே அதன்மேல்தான் நிற்கிறது. எண்ணெயில் அவர்கள் பூவைப் போடுவதில்லை. எள்ளுக்குத்தான் மணம் ஊட்டுவார்கள். பாயில் எள்ளை மெல்லப் பரப்பி, அதன்மேல் மல்லிகை மொட்டு, மறுபடி எள், மறுபடி மொட்டு. அந்தி சாயும்போது மொட்டு விரியும். அப்போது அது விடுகிற மணத்தை எள் குடித்துக்கொள்ளும். மறுநாள் வாடிய பூவைப் புடைத்துத் தள்ளிவிட்டுப் புது மொட்டு பரப்புவார்கள். ஏழு அந்தி இப்படிச் செய்து, அதன் பிறகு செக்கில் ஆட்டுவார்கள். எள்ளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளும். நல்லது கெட்டது பார்க்காது.

தெருவுக்கு மேலே, மேட்டில், ஊரின் எருக்கிடங்கு. யானைக் கொட்டில் சாணம், அரண்மனை அடுக்களைக் கழிவு, கோயிலில் களைந்த மாலைகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். தலைமுறை தலைமுறையாகத் தெருவும் கிடங்கும் பக்கத்தில் இருந்தன. ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

ஒரு நாள் யானைமேல் உலா வந்த மன்னர் அந்தக் குவியல்களைப் பார்த்தார்.

"இதென்ன, என் நகரத்தில் மலை மலையாகக் குப்பை? இனி ஒரு குவியலும் என் கண்ணில் படக்கூடாது. தரை என்றால் தரையாக இருக்க வேண்டும்!"

நகர அதிகாரி அரங்கராயர் தலை வணங்கினார். பத்தே நாளில் ஆழமான குழிகள் தோண்டி, எல்லாவற்றையும் அதில் தள்ளி, யானைகளை விட்டு மிதிக்கச் சொன்னார். காய்ந்த சருகு ஏற்றி வரும் வண்டிகள் பார்க்க அழகாக இல்லை என்று நிறுத்தினார். மேலே களிமண் பூசிக் கோலமும் போட வைத்தார். மன்னர் மகிழ்ந்து ஒரு முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டார்.

இரண்டு மாதத்தில் களிமண் வெயிலில் வெடித்தது. நாற்றம் கிளம்பியது.

தெருக்காரர்கள் முறையிட்டார்கள். அரங்கராயரின் ஆட்கள் முற்பகலில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். மன்னரும் ஒரு நாள் முற்பகலில் பல்லக்கில் வந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சபையில் அரங்கராயர் சொன்னார்: "மகாராஜா, தங்கள் கட்டளையை இழித்துப் பேசவே இந்தப் பொய்! அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தத் தெருவையே காலி செய்து ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடலாம்."

சபையில் சாத்தையன் என்றொரு விகடன் இருந்தான். அவன் எழுந்தான். "மகாராஜா, நாற்றம் இருப்பது உண்மை. ஒரே ஒரு நாள் அந்தி நேரத்தில் வந்து பாருங்கள்."

"அந்தியில் நான் கோயிலில் இருப்பவன் என்பது உனக்குத் தெரியாதா?" என்று மன்னர் சலித்துக்கொண்டார். "நாற்றம் உண்மையென்றால் அது என் சபைக்கு வந்து சாட்சி சொல்லட்டும். எட்டு நாள் தவணை, அடுத்த சனிக்கிழமை காலை வரை. கொண்டு வராவிட்டால் தெருவும் காலி, சபையில் உன் இடமும் காலி!"

சபை சிரித்தது. அரங்கராயர் மீசையை நீவினார். "சாத்தையரே, சாட்சிக்குப் பல்லக்கு அனுப்புவீரா, கயிறு கட்டி இழுத்து வருவீரா?"

"அது நடந்தே வரும் ஐயா. வந்ததும் முதலில் யாரைப் பார்ப்பது என்றுதான் கேட்டது. உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்."

வாயால் சொல்லிவிட்டானே தவிர, சாட்சியை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமலேயே சாத்தையன் செக்கடித் தெருவுக்கு நடந்தான். அங்கே காமாயி என்ற செக்குக்காரி, எள் மூட்டைமேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சாமி. சனிக்கிழமை வண்டி கட்டணுமாமே? என் செக்கு கல்லுச் செக்கு. பூமிக்குள்ள நாலு முழம் இறங்கி நிக்குது. அதை எந்த வண்டியில ஏத்துவேன்?"

"நாற்றம் எப்போது வருகிறது, காமாயி?"

"மொட்டு விரியுற நேரத்துக்குச் சரியா வரும். பகல் பூரா காத்து ஆத்துப் பக்கம் அடிக்கும், தெரியாது. பொழுது சாய்ஞ்சு காத்து நின்னுச்சோ இல்லியோ, மேட்டுலேர்ந்து தண்ணி மாதிரி இறங்கிப் பள்ளத்துல வந்து நிக்கும். கூடை கூடையா பூவைக் கொட்டி எள்ளை ஆட்டினேன். எண்ணெயில எருக்குழிதான் மணக்குது! இதை எவ தலையில வைப்பா?"

சாத்தையன் துள்ளி எழுந்தான். "காமாயி! இந்த ஏழு நாளும் எள்ளைப் பரப்பு. ஆனால் பூ வேண்டாம்."

"பூ இல்லாமலா? வெறும் எள்ளைப் பரப்பினா தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும், சாமி!"

"சிரிக்கட்டும். மேட்டு ஓரமாக, குழியின் வெடிப்புக்குப் பக்கத்திலேயே பரப்பு. அந்திதோறும் கிளறி விடு."

காமாயிக்கு விளங்கிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அடேயப்பா! சாட்சியைப் பிடிக்க எள்ளையா அனுப்புறீங்க?"

சனிக்கிழமை காலை. குளிர்ந்த நேரம். சாத்தையன் மண்ஜாடி ஒன்றை ஏந்திச் சபைக்கு வந்தான். காமாயி பின்னால் வந்தாள்.

"மகாராஜா, சாட்சி வந்திருக்கிறது."

மூடியைத் திறந்தார்கள். அரங்கராயர் மூக்கை ஜாடியருகே கொண்டுபோனார். குளிர்ந்த எண்ணெய் அவ்வளவாக வாய் திறக்காது; சூடுபட்டால்தான் தன்னிடம் உள்ளதைச் சொல்லும். அதை அறியாத அரங்கராயர் உரக்கச் சிரித்தார்.

"மகாராஜா, இது வெறும் நல்லெண்ணெய்!"

"அப்படியானால் நல்லது," என்றான் சாத்தையன். "இது ஏழு அந்தி அந்த மேட்டோரக் காற்றில் கிடந்த எள்ளின் எண்ணெய். காற்று சுத்தமென்றால் எண்ணெயும் சுத்தம். இன்று சனிக்கிழமை, எல்லோரும் தலைமுழுகும் நாள். அதிகாரி முதலில் தேய்த்துக்கொள்ளட்டும்."

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் தன் பேச்சே பொய்யாகிவிடும். அரங்கராயர் தலைப்பாகையைக் கழற்றினார். "தாராளமாக!" என்று கை நிறைய எண்ணெயை உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க ஐயா," என்றாள் காமாயி. "அப்பத்தான் உள்ள இறங்கும்."

முதலில் சாமரம் வீசியவள் வீசுவதை நிறுத்தினாள். பிறகு பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தூணுக்குப் பின்னால் போனார். புரோகிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எண்ணெய் நெற்றியில் வழிந்து, காதோரம் இறங்கி, முத்துமாலையை நனைத்தது. அரங்கராயர் மூச்சைப் பிடித்து நின்றார். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டு இழுத்தார்.

"ஐயையோ! எருக்குழி!" என்று அவரே கத்திவிட்டார்.

"சாட்சியை விசாரித்தவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார், மகாராஜா," என்றான் சாத்தையன்.

மன்னர் மூக்கை மூடிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். பாதியில் ஏதோ நினைவு வந்தவராக நிறுத்தினார்.

"செக்கடித் தெரு எண்ணெயா இது? சிறு வயதில் சனிக்கிழமைதோறும் என் தாயார் எனக்குத் தேய்த்துவிட்ட அந்த மல்லிகை எண்ணெய்? பின்கட்டில் ஜாடியைத் திறந்தால் முன்வாசலில் இருக்கும் எனக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள ஓடுவேன். சில வாரமாக அது அரண்மனைக்கு வரவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லையே!"

"நாத்த எண்ணெயை ராசாவுக்கு எப்படி அனுப்புறதுன்னு நிறுத்திட்டோம், சாமி," என்றாள் காமாயி.

"இத்தனை காலம் இல்லாத நாற்றம் இப்போது ஏன் வந்தது?"

சாத்தையன் பணிவாகச் சொன்னான்: "குவியலுக்கு மூச்சு வேண்டும், மகாராஜா. ஈரக் கழிவு ஓர் அடுக்கு, காய்ந்த சருகு ஓர் அடுக்கு என்று போட்டால் சருகின் நடுவே காற்று நிற்கும். காற்று உள்ள குவியல் கை வைக்க முடியாதபடி சூடாகும். எட்டு நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால், அந்தச் சூட்டிலேயே வெந்து மண்ணாகிவிடும். யானையை விட்டு மிதித்தால் காற்று போய்விடும். பிறகு அது வேகாது, புளித்து அழுகும். தங்கள் கட்டளை கண்ணுக்காக இடப்பட்டது. மூக்குக்கு என்ன வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை."

மன்னர், "குழிகளைத் தோண்டி எல்லாவற்றையும் மறுபடி குவியல்களாகவே போடட்டும். சருகு வண்டிகள் நாளையே வரட்டும். தெரு இருந்த இடத்திலேயே இருக்கும்," என்றார். "சாத்தையா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அதிகாரிக்குச் செக்கடித் தெருவில் ஒரு வீடு கொடுங்கள், மகாராஜா. வாசல் மேட்டைப் பார்த்து இருக்கட்டும்."

சபை அதிரச் சிரித்த மன்னர், அப்படியே ஆணையிட்டார். "ஆனால் இது அவருக்குக் கிடைத்த பரிசு. உனக்கு அந்த முத்துமாலை!"

அரங்கராயர் எண்ணெய் சொட்டும் மாலையைக் கழற்றி நீட்டினார். சாத்தையன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "காமாயியிடம் கொடுங்கள் ஐயா. ஏழு அந்தி எள்ளோடும் மல்லிகையோடும் கிடக்கட்டும். பிறகு வாங்கிக்கொள்கிறேன்."

அதன் பிறகு அந்திதோறும் அரங்கராயர் தாமே மேட்டுக்குப் போய், சருகு போட்டார்களா, புரட்டினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாராம். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, செக்கடித் தெருவிலிருந்து அரண்மனைக்கு ஜாடி வந்தது. பின்கட்டில் மூடியைத் திறந்தார்கள். முன்வாசலில் சாத்தையனோடு பேசிக்கொண்டிருந்த மன்னர் பேச்சை நிறுத்தினார். மல்லிகை மணம் வந்தது. அதற்கு அடியில், கூர்ந்து கவனித்தால் மட்டும் தெரியும்படி, முதல் மழை நனைத்த மண்ணின் வாசனையும் இருந்தது.

மன்னர் சட்டென்று எழுந்து, சிறு பிள்ளைபோலத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "நான் இங்கே இல்லை என்று சொல்!" என்று சிரித்தபடியே, தம் கணையாழியைக் கழற்றிச் சாத்தையன் கையில் திணித்தார்.