மூன்று அங்குல ஞானி

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரு ஞானி இருந்தார். உயரம் மூன்று அங்குலம். கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் செய்த உடம்பு, பஞ்சுத் தாடி. ரெஜினாவின் ஆள்காட்டி விரலில் குடியிருந்தார். குரலும் அவளுடையதுதான். வகுப்பில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முழுக்க உண்ட மயக்கம். மங்கிய வெளிச்சத்தில் பெஞ்சுகள் மெல்ல மிதப்பது போலிருந்தது. ஞானியின் முன்னால் ஒரு காகித நரி வந்து நின்றது. நரிக்குள் இருந்தது சுபாஷிணியின் விரல்.

ரெஜினாவும் சுபாஷிணியும் மூன்று நாளாகக் கா. சுபாஷிணி கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். கா விட்டவர்கள் பேசக்கூடாது, முதலில் பேசுகிறவள் தோற்றவள். பொம்மைகள் பேசலாமா என்று மட்டும் யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. நாளைக்கு டீச்சர் வருஷம் முழுக்க யார் பக்கத்தில் யார் என்று எழுதப்போகிறார். அதனால்தான் சுபாஷிணி நரியோடு முன்னால் எழுந்து வந்திருந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம்," என்றது நரி.

"கேள், சிஷ்யா."

"என் ஃபிரெண்ட் கா விட்டுட்டா. எப்படிப் பழம் விட வைக்கிறது?"

"எதுக்குக் கா விட்டா?"

"உங்க தாடி காது குடைஞ்ச பஞ்சுன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுது."

சாமியார் குனிந்து தாடியைப் பார்த்தார். "இது புதுப் பஞ்சு."

"தெரியும், சாமி. எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னது."

"சொன்னது நரியா?"

நரி தலையைத் தொங்கப் போட்டது. "இல்ல. சுபா."

"அவ எங்க?"

"வெட்கப்படுறா. அதான் என்னை அனுப்பினா."

"எனக்கு வருத்தமே இல்லை. நான் காகிதம்."

"அப்ப பழமா, சாமி?"

ரெஜினா அவரை விரலிலிருந்து மெதுவாக உருவி, மேசைமேல் படுக்க வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சுபாஷிணிக்கு நரியைக் கழற்ற மனசே வரவில்லை. கழற்றினாள். வெறும் விரல் குளிர்ந்தது.

"ரெஜி, நான்தான் சொன்னேன். தப்புதான். உன் பக்கத்துல உட்கார விடுவியா?"

ரெஜினா மூக்கை உறிஞ்சினாள்.

"உனக்காகப் பாதி பெஞ்சை விட்டுட்டு மூணு நாளா ஓரத்துல தொங்கிட்டு இருக்கேன். கண்ணு தெரியலையா உனக்கு?"