ஆற்றின் பெயரைக் கேட்டவர்கள்

திபெத்தின் கிழக்கு மலைகளில் ஒரு சிறிய மடம். அங்கே தர்க்கம் கற்பித்த ஆசான் கென்ராப்புக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய சீடர் தார்கியேவுக்கு அறுபத்து மூன்று. மனைவி இறந்த பிறகு துறவாடை உடுத்தியவர். பரிசல்காரரின் மகன் என்பதால் மற்ற துறவிகள் அவரைப் படகோட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கோடையில் சீன அரசுக் குழு ஒன்று வந்து மடத்தில் தங்கியது. தலைவர் பெயர் ஷென். எட்டு வருடமாக அந்தப் பக்கம் வேலை பார்த்தவர். மொழி நன்றாகத் தெரியும். படி ஏறி இறங்கினால் மட்டும் இன்னும் மூச்சு வாங்கும். மலையில் பிறந்தவர்களுக்கு அந்த மலை யாருடையது என்று சொல்லிக்கொடுக்க அவர் வந்திருந்தார்.

ஒரு மாதம் வகுப்பு. முடிவில் தேர்வு, நாளுக்குப் பத்துப் பேராக. ஒரே கேள்வி: இந்த நிலம் எப்போதிலிருந்து சீனாவின் பகுதி? ஒரே விடை: பழங்காலம் முதலே. அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதவர் மடத்தை விட்டு வெளியேற வேண்டும். வேறெந்த மடமும் அவரைச் சேர்க்கக் கூடாது.

தன் முறைக்கு முந்தின நாள் தார்கியே ஆசானிடம் வந்தார்.

"ஆசானே, ஒரே வரி. எழுதிக் கொடுத்துவிடலாமா?"

"எழுதலாம் என்று தோன்றுகிறதா?"

"எனக்கு வீடு கிடையாது. முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. இங்கிருந்து துரத்தினால் எங்கே போவேன்? கைதானே எழுதப் போகிறது. மனம் எழுதாதே."

"நம் முற்றத்தில் என்ன வழக்கம்?"

"கூற்றை வைப்பவர் உட்கார வேண்டும். கேள்வி கேட்பவர் நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் கை தட்ட வேண்டும். உட்கார்ந்தவர் தன் கூற்றைக் காப்பாற்ற வேண்டும்."

"வந்து உட்காருங்கள்."

முற்றத்தில் வெயில். தார்கியே மெல்ல முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். துறவிகள் கூடிவிட்டார்கள். மேல்மாடத்தில் ஷென் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

ஆசான் இடது காலைத் தரையில் ஓங்கி வைத்துக் கை தட்டினார்.

"இந்த நிலம் பழங்காலம் முதலே அவர்களுடையது. இதுதானே உங்கள் கூற்று?"

"ஏற்கிறேன்."

மேலே ஷென் தலையசைத்துச் சிரித்தார். "பாடம் நன்றாக ஏறியிருக்கிறது."

ஆசான் மறுபடி கை தட்டினார். "தன் வீட்டுக்கு வருகிறவன் அடுத்தவனிடம் வழி கேட்பானா?"

"நெடுநாள் வெளியூரில் இருந்தவன் கேட்கலாம்."

"பழங்காலம் முதலே வீட்டில் இருந்தவனுக்கு வெளியூர் எங்கிருந்து வந்தது?"

துறவிகள் கொல்லென்று சிரித்தார்கள். "படகு ஆடுகிறது, படகோட்டி!" என்று ஒருவர் கத்தினார். தார்கியேவும் சிரித்துவிட்டார்.

ஆசான் சிரிக்கவில்லை.

"நீங்களே எனக்குச் சொன்னது. அப்போது உங்களுக்குப் பதினைந்து வயது. ஆற்றின் அக்கரையில் படை வந்து நின்றது. உங்கள் அப்பா அவர்களைப் பரிசலில் ஏற்றினார். நடு ஆற்றில் அவர்களுடைய தளபதி, இந்த ஆற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் வரைபடத்தில் எழுதிக்கொண்டார். இந்தக் கரை ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார். நீங்கள் துடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தீர்கள். இது நடந்ததா?"

உட்கார்ந்தவருக்கு இரண்டே பதில்கள்தான். 'ஏற்கிறேன்' என்றால் கூற்று விழுந்துவிடும். 'நடக்கவில்லை' என்றால் அப்பாவையே மறுத்ததாகிவிடும்.

 

இப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால் கூட்டம் ஆரவாரம் செய்யும். அன்று எல்லோரும் மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஷென் இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

"இது தர்க்கமா, அரசியலா?"

"உங்கள் பாடத்தைத்தான் படித்துப் பார்த்தோம், ஐயா."

"பாடம் மனப்பாடம் செய்வதற்கு. தட்டிப் பார்ப்பதற்கு இல்லை."

"எங்களுக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாதே," என்றார் ஆசான்.

மறுநாள் காலை தார்கியேவின் முறை. சீடர் எழுதும்போது அவருடைய ஆசான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது குழுவின் விதி. ஏதாவது நடந்தால் அவரையும் பிடிக்கலாம் அல்லவா? கென்ராப் சுவரோரமாக நின்றார்.

"ஒரே வரி, கிழவரே," என்றார் ஷென். "எழுதிவிட்டுப் போய் வெயிலில் உட்காரும்."

"நான் எழுதாவிட்டால் வரலாறு மாறிவிடுமா, ஐயா?"

"உம்மால் மாறுமா? எங்களிடம் ஆயிரம் புத்தகம் இருக்கிறது."

"ஆயிரம் புத்தகம் இருக்கும்போது என் கையெழுத்து எதற்கு?"

ஷென் தாளை முன்னால் தள்ளினார். "எழுதும்."

தார்கியே எழுதினார். ஒரு வரியில் நிற்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். எந்த ஆண்டு, எந்த மாதம், பரிசல் எத்தனை முறை போய் வந்தது, தளபதி என்ன கேட்டார், அப்பா என்ன சொன்னார். எட்டு வருடம் கழித்து, படையிடமிருந்து தப்பியோடியவர்களை அதே பரிசலில் ஏற்றினார் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது அவருடைய இடுப்புக் கச்சை மட்டும். அவர் பெயர் உங்கள் ஆயிரம் புத்தகத்தில் எதிலாவது இருக்கிறதா என்று கேட்டு, அப்பாவின் பெயரை எழுதி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஷென் தாளை வாங்கினார். பிறகு அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"இது வரலாறு இல்லை. ஒரு பரிசல்காரனின் பேச்சு."

"நீங்கள் வந்ததே அந்தப் பரிசல்காரனின் பரிசலில்தான், ஐயா."

"மதியத்துக்குள் நீர் இங்கே இருக்கக் கூடாது."

மதியத்துக்குள் மூட்டை கட்டியாகிவிட்டது. பக்கத்து அறைத் துறவி வறுத்த பார்லி மாவு ஒரு பை கொண்டு வந்து கொடுத்தார். "வழியில் யாரையும் பரிசலில் ஏற்றிவிடாதீர், படகோட்டி," என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆசான் வாசல்வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே சாலை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

"உங்கள் முறை எப்போது, ஆசானே?"

"நாளைக்கு."

தார்கியே மூட்டையை வாங்கித் தோளில் போட்டார். இரண்டடி நடந்தார். கோபம் அடங்கவில்லை. திரும்பினார்.

"நாலு துண்டாகக் குப்பைக் கூடையில் கிடக்கிறது. அப்பா பேர் ஒரு துண்டில், என் பேர் ஒரு துண்டில். மடமும் போயிற்று. நான் எழுதி என்ன ஆயிற்று, சொல்லுங்கள்?"

"கிழிப்பதற்கு முன்னால் அவர் அதை இரண்டு முறை படித்தார்," என்றார் ஆசான்.