மயிலுக்குக் குழைத்த சாந்து

"இத்தன வருசமா உங்க கூட இருக்கேன். வாசல் மயில நேத்து மொளச்ச காளானுக்குக் குடுத்துட்டீங்களே ஐயா?"

திருமேனி கேட்டான். சுதைவேலை ஆசான் நாகலிங்கம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு நீறிடுச்சா?" என்றார்.

கேட்டது ஒன்று, வந்தது வேறு. ஆசான்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான்.

புது வீடு. வாசலுக்கு மேலே தோகை விரித்த மயில் ஒன்று வரவேண்டும். தெருவே அண்ணாந்து பார்க்கும். அந்த வேலை புதிதாய்ச் சேர்ந்த சிங்காரத்துக்கு. சுண்ணாம்பைச் சலித்துச் சாந்து குழைத்துத் தருவது திருமேனிக்கு.

சிங்காரம் சாரத்தில் நின்று, சீட்டியடித்தபடி, செங்கல்லும் கம்பியும் வைத்து மயிலுக்குக் கூடு கட்டினான். அந்தச் சீட்டி திருமேனிக்கு வயிற்றில் போய் எரிந்தது.

வீட்டுக்காரர் வந்தார். "தம்பி கை சும்மா பேசுதே!" என்று சிங்காரத்தைப் புகழ்ந்தார். பிறகு, "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, வேட்டில தெறிக்குது" என்று திருமேனியிடம் சொன்னார்.

தண்ணீரில் வெந்து நீறாத சுண்ணாம்புக் கல் பொடிப்பொடியாய்ச் சாந்தில் கலந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பூச்சு அழகாகத்தான் இருக்கும். மழை ஈரம் உள்ளே இறங்கும்போது கல் உப்பும். பூச்சு பொத்துக்கொண்டு விழும். சல்லடை இருப்பதே அதற்காகத்தான்.

திருமேனி அன்று சல்லடையைத் தொடவில்லை.

மறுநாள் காலை நாகலிங்கம் சாந்துத் தொட்டியில் கைவிட்டார். கொஞ்சம் எடுத்து விரலிடையில் உருட்டினார்.

"சிங்காரம், கீழ எறங்கு. திருமேனி, நீ ஏறு. மயில் உனக்கு."

திருமேனிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சிங்காரம் முகம் சுளிக்கவில்லை. கரண்டியைத் துடைத்துக் கொடுத்தான்.

"கழுத்து மடிப்ப மட்டும் சரிவா விடுங்கண்ணே. தண்ணி தேங்காது."

திருமேனி சாரத்தில் ஏறினான். கீழே கூட்டம் கூடிவிட்டது.

"யாரு போட்ட மயில்னு ஊரே கேக்கும். உம் பேரத்தான் சொல்லப்போறேன்!" என்றார் வீட்டுக்காரர். இத்தனை வருடம் அவன் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான்.

சட்டியில் சாந்து வெண்ணெய் போல இருந்தது. ஒரு கரண்டி அள்ளினான். அதைச் சட்டியிலேயே திரும்பக் கொட்டினான்.

"ஐயா, இந்தச் சாந்து வேணாம். வேற குழைச்சுக்கிறேன்."

"ஏம்பா?" என்றார் ஆசான்.

"மழைக்கு நிக்காது."

நாகலிங்கம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சிங்காரம் போட்டிருந்தா நின்னிருக்குமோ?"