முடிஞ்சிருச்சுங்க சார்

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் டீமை நடத்திவந்த சென்னியப்பன், தன்னைவிட வயதில் இளையவரான ஒரு பெண்மணியிடம் பாடம் கேட்கப் போனார். தலை நரைத்த பிறகு அது லேசான காரியமில்லை. அந்த ஆசிரியையின் பெயர் பிலோமினா. அஜைல் என்கிற வேலைமுறையைப் பல கம்பெனிகளுக்குப் பழக்கிக் கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார் என்று பெயர் வாங்கியவர்.

"சொன்னபடிதாங்க மேடம் எல்லாம் செய்யறோம்," என்றார் சென்னியப்பன். "வேலையைச் சின்னச் சின்னதா பிரிச்சாச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா முடிச்ச வரைக்கும் காட்டறோம். தினமும் காலையில வட்டமா நின்னு அவங்கவங்க வேலையைச் சொல்றாங்க. சுவர் பூரா சீட்டு ஒட்டியிருக்கு. ஆனா கடைசியில எல்லாம் கவுந்துருது. ஜெயிச்ச கம்பெனிக எல்லாம் எப்படித்தாங்க ஜெயிச்சாங்க?"

"காலையில நிக்கறதை நான் வந்து பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார் பிலோமினா.

சென்னியப்பனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் சரி என்றார். அவருக்கு வேறு வழியில்லை. டயாலிசிஸ் ஆஸ்பத்திரி ஒன்றுக்காகச் செய்த மென்பொருள் வரும் திங்கட்கிழமை ஓடத் தொடங்க வேண்டும். இதற்கு முன் செய்துகொடுத்த இரண்டும் சொதப்பிவிட்டன. இதுவும் தள்ளிப்போனால் டீமையே கலைத்துவிடுவேன் என்று எம்.டி. முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். டீமில் பாதிப் பேர் சென்னியப்பனே கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள்.

மறுநாள் காலை எல்லோரும் வட்டமாக நின்றார்கள். வட்டம் என்று பெயர்தான். அத்தனை முகங்களும் சென்னியப்பனைப் பார்த்தே திரும்பியிருந்தன.

"என்னோடது முடிஞ்சிருச்சுங்க சார்."

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருங்க சார்."

பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஹம்சவேணியின் முறை வந்தது. அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒரு சிக்கல் இருக்குங்க சார். ரெண்டு நோயாளிகளுக்குப் பேரும் இனிஷியலும் ஒண்ணா இருந்தா, ஆளும் ஒண்ணுன்னு எடுத்துக்குது. ரெண்டு பேர் விவரமும் கலந்துருது. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ண முடியாதுங்க."

சென்னியப்பன் ஓரத்தில் நின்ற பிலோமினாவைப் பார்த்தார். பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இங்க வேண்டாம்மா. என் ரூமுக்கு வா, பேசிக்கலாம்."

ரூமில் அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. "வெளியாளு நிக்கறப்ப அதைச் சொல்லோணுமா சாமி? உம்மேல எவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தேன்," என்றார். அவ்வளவுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

அடுத்த நாள் காலை அவள் முறை வந்தபோது அவள் குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

"அந்தச் சிக்கல் முடிஞ்சிருச்சுங்க சார்."

சென்னியப்பனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அன்றும் வந்திருந்த பிலோமினாவைத் தன் ரூமுக்கு அழைத்துவந்து காபி வரவழைத்தார்.

"பாத்தீங்களா மேடம்? முடியாதுன்னாங்க, ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. பசங்க கெட்டிக்காரப் பசங்க. இதுக்கு மேல நாங்க என்ன கத்துக்கோணும், சொல்லுங்க."

"எப்படி முடிச்சாங்களாம்?"

சென்னியப்பன் அதைக் கேட்டிருக்கவில்லை.

"அந்த மென்பொருளை இதுல திறக்க முடியுமா?"

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்தார். பிலோமினா புது நோயாளி ஒருவரைப் பதிந்தார். பெயர், எஸ். சென்னியப்பன். ஊர், சூலூர். ரத்த வகை, ஓ பாசிட்டிவ். பிறகு இன்னொருவரைப் பதிந்தார். பெயர், எஸ். சென்னியப்பன். ஊர், அவிநாசி. ரத்த வகை, பி பாசிட்டிவ்.

திரையில் ஒரே ஒரு சென்னியப்பன்தான் இருந்தார். சூலூர்க்காரர். ரத்த வகை, பி பாசிட்டிவ்.

"சார், இந்தச் சூலூர்க்காரருக்குத் திங்கக்கிழமை ரத்தம் ஏத்தறாங்கன்னு வைங்க," என்றார் பிலோமினா. "எதை ஏத்துவாங்க?"

சென்னியப்பன் காபியைத் தள்ளிவைத்தார். அவருக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"பொய் சொல்லிட்டா பாருங்க. என் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லிட்டா."

"ஆமாங்க. நேத்து?"

"நேத்து..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். நேற்று அவள் சொன்னதும், அதற்குத் தான் சொன்னதும் அவருக்கு ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் காது சூடேறியது.

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு இதைக் கொடுக்க முடியாதுங்க. திங்கக்கிழமை ஆகாதுன்னு எம்.டி.கிட்ட நான் சொல்லிர்றேன். டீம் கலைஞ்சாலும் சரி. ராத்திரி அவர் வீட்டுக்குப் போயி, தனியா, பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

"தனியா வேண்டாங்க."

"பின்னே?"

"நாளைக்குக் காலையில எல்லாரும் நிக்கறப்ப நடுவுல நின்னு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க சொல்றதையும் அவர் சொல்றதையும் எல்லாரும் கேக்கட்டும்."

சென்னியப்பனின் முகம் வெளுத்துவிட்டது.

"அவர் வாய் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுங்க மேடம். வயசுக்கு மரியாதை பாக்க மாட்டாரு. அத்தனை பிள்ளைங்க முன்னால என் மானம் போயிரும். வேலையே போனாலும் போயிரும்."

பிலோமினா எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டார்.

"அது எல்லாம் தெரிஞ்சுதாங்க சார், நேத்து அந்தப் புள்ள வாயைத் திறந்துச்சு."