சாம்பாருக்கு ஈடு செருப்பு

செவந்தியின் இட்லிக் கடையை எவ்வளவு துழாவியும் சுகாதார அதிகாரி குலசேகரனுக்கு ஒரு பிளாஸ்டிக் பைகூட அகப்படவில்லை. கடுப்பில் வெறுங்கையை நீட்டினார்.

"சாம்பார் பார்சல் குடு. பிளாஸ்டிக்குல கட்டினாலும் கடைக்குச் சீல், தரமாட்டேன்னாலும் சீல்!"

செவந்தி தன் தூக்குவாளியில் சாம்பாரை ஊற்றினாள்.

"செருப்பை இங்க விட்டுட்டு எடுத்துட்டுப் போங்க சார். வாளி வந்ததும் தர்றேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களை நம்புறேன் சார், உங்க ஞாபகத்தைத்தான் நம்பலை. பாத்திரம் கொண்டுவர மறந்தவருக்கு, திருப்பித் தர மட்டும் நினைப்பு வருமா?"

கடையே சிரித்தது. கேட்டதை வாங்காமல் போகவும் வழியில்லை. சித்திரை வெயிலில் துள்ளித் துள்ளிப் போனார்.

சாயங்காலம் வெறுங்காலோடு வந்து நின்றார். ஒரு கையில் அவள் தூக்குவாளி, மறுகையில் அவர் வீட்டுத் தூக்குவாளி.