தார்ப்பாய்க்குள்ள போன நாலு கிலோமீட்டர்

குருன்னா தாடி இருக்கணும், சீடன்னா மீசை மொளைக்காம இருக்கணும்னு யாரு சொன்னா? இங்க அப்படியே தலைகீழ். குரு எமரால்டு டீச்சருக்கு வயசு முப்பத்தாறு, தூத்துக்குடியில பி.டி. டீச்சர். சீடர் கொம்பையா அண்ணாச்சிக்கு அம்பத்தெட்டு, பாத்திரக்கடை முதலாளி. மொதல்ல தொப்பை வரும், பின்னாலயே அண்ணாச்சி வருவாரு.

டீச்சர் வருசத்துக்கு ஒருக்கா தூத்துக்குடி கடல்ல இருந்து கொல்லம் கடல் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறவங்க. கூட வரணும்னா ஒரு சட்டம் உண்டு. கெளம்பும்போது பின் சக்கரத்தை இந்தக் கடல்ல நனைக்கணும். போய்ச் சேந்ததும் முன் சக்கரத்தை அந்தக் கடல்ல நனைக்கணும். நடுவுல சைக்கிள் உங்களைச் சொமக்கலாம், நீங்க சைக்கிளைச் சொமக்கலாம். மூணாவதா ஒண்ணு உங்க ரெண்டு பேரையும் சொமக்கக் கூடாது.

அண்ணாச்சிக்கு இது மூணாவது தடவை. மொத தடவை வல்லநாட்டுல முழங்கால் பிடிச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவை தென்காசி வரைக்கும் போயிட்டாரு. அங்க மாமியார் வீடு இருக்கு. ரெண்டு நாள் விருந்து முடிஞ்சு பாத்தா, சைக்கிள் பஸ் மேல ஏறி ஊருக்கு வந்துச்சு.

பஜார்ல அவருக்கு 'அரைக் கொம்பையா'ன்னு பேரு. வீட்டு மாடி பாதியில நிக்குது. இந்தி பாதி படிச்சாரு. நீச்சல்ல தண்ணிக்குள்ள போறது வரைக்கும் படிச்சாரு, வெளிய வர்றதுக்கு ரெண்டு ஆளு இழுக்கணும். கண்ணை மூடுறதுக்குள்ள ஏதாவது ஒண்ணை அந்த முனையில இருந்து இந்த முனை வரைக்கும் முடிச்சிரணும்னு அவருக்கு ஒரு வெறி. அதை மச்சினன் காதுல போட்டதுதான் தப்பு. அண்ணாச்சி கெளம்புறதுக்கு மொத நாளே அவன் ஃப்ளெக்ஸ் அடிச்சிட்டான். 'கடல் முதல் கடல் வரை வென்று வந்த சிங்கமே'. சிங்கம் அப்ப வீட்டுல குப்புறப் படுத்து இடுப்புக்குத் தைலம் தேச்சுக்கிட்டு இருந்துச்சு.

மொத நாள் உப்பளத்து வரப்பு. சைக்கிள் ஓடலை, வழுக்குச்சு. எறங்கித் தள்ளுனாரு. அப்புறம் தார் ரோடு. அப்புறம் வாய்க்கா கரை மண்பாதை, வாழைத் தோப்புக்குள்ள சரளைக்கல்லு. ஒவ்வொரு தரைக்கும் அண்ணாச்சிகிட்ட ஒரு கேள்வி இருந்துச்சு.

"டீச்சர், இந்தச் சரளை எப்ப முடியும்?"

"முடியுற எடத்துல."

"அது எங்க இருக்கு?"

"வந்ததும் சொல்லுதேன்."

வழியில ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு, "தென்காசியா? இந்தா, ஒரு வெத்தலை போட்டுத் துப்புறதுக்குள்ள போயிரலாம்"னு கையை நீட்டுனாரு. நாலு மணி நேரம் ஆச்சு. தென்காசியில டீச்சர் அந்த மாமியார் வீட்டுத் தெருவை மட்டும் சுத்திக்கிட்டு வேற வழியில கூட்டிட்டுப் போனாங்க.

மூணாவது நாள் செங்கோட்டை தாண்டி மலை ஏறுனாங்க. அண்ணாச்சி ஏறிட்டாரு. அவராலயே நம்ப முடியலை. உச்சியில மழை பிடிச்சுக்கிச்சு, டீச்சர் சைக்கிள் செயினும் அறுந்துச்சு.

"நீங்க பைய எறங்குங்க அண்ணாச்சி. நான் மாட்டிட்டு வாரேன்."

எறக்கத்துல ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாங்க. செஞ்சேறும் ஜல்லியும். அண்ணாச்சி பிரேக்கைப் பிடிச்சாரு, அது கீச்சுன்னு கத்துச்சே தவிர சைக்கிள் நிக்கலை. வளைவுல ஒரு லாரி ஏறி வந்துச்சு. எப்படியோ மலைப்பக்கம் சாஞ்சு காலை ஊனிட்டாரு. அதுக்கப்புறம் சைக்கிள்ல ஏறாம ஓரமாவே நின்னுட்டாரு.

அந்த நேரம் பாத்து அன்னாசிப்பழம் ஏத்துன ஒரு குட்டியானை வண்டி பக்கத்துல வந்து நின்னுச்சு. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஈ மழையில வீழும் கேட்டோ. கேறு, கேறு"ன்னு மலையாளத்துல ஏறச் சொன்னான்.

ரெண்டு வளைவு வரைக்கும்னு ஏறுனாரு. சைக்கிளைப் படுக்கப் போட்டு, தார்ப்பாயை இழுத்து மூடிக்கிட்டு உக்காந்தாரு. எறங்கிப் பாத்தா நாலு கிலோமீட்டர்.

கீழ டீக்கடையில மூணு டீ குடிச்சாரு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு டீச்சர் வந்தாங்க. இடுப்பு வரைக்கும் செஞ்சேறு. அண்ணாச்சி மட்டும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நின்னாரு. டீச்சர் அவரைப் பாத்தாங்க, அவரு சைக்கிள் சக்கரத்தைப் பாத்தாங்க, ஒரு டீ சொன்னாங்க.

"ரோடு எப்படி அண்ணாச்சி?"

"மோசம் டீச்சர். ரொம்ப மோசம்."

"ம்."

அங்க இருந்து கொல்லம் எழுபது கிலோமீட்டர். அண்ணாச்சி ஒரு கேள்விகூடக் கேக்கலை.

மறுநாள் சாயங்காலம் கொல்லம் கடற்கரை. டீச்சர் சைக்கிளைத் தண்ணி ஓரம் வரைக்கும் தள்ளிட்டுப் போயி நிப்பாட்டுனாங்க. அலை வந்து ஒரு சாண் தள்ளியே திரும்பிப் போச்சு. டீச்சர் சக்கரத்தை நனைக்கலை, சும்மா நின்னாங்க.

அண்ணாச்சிக்கு போன் வந்துச்சு. மச்சினன்தான்.

"அத்தான், சக்கரம் நனைஞ்சாச்சா? போட்டோ எங்க? காலையில ஸ்டேஷனுக்கே மேளம் சொல்லியாச்சு."

"இன்னும் இல்லைடே. வையி."

வச்சுட்டு, தொண்டையைச் செருமுனாரு.

"டீச்சர், ஒரு சந்தேகம். ஒரு ஆளு இருக்கான்னு வைங்க."

"வச்சேன்."

"அவன் எரநூறு கிலோமீட்டருக்கு மேல மிதிச்சிட்டான். நடுவுல நாலே நாலு கிலோமீட்டர், மழைக்கு ஒதுங்குன மாதிரி ஒரு வண்டிக்குள்ள இருந்தான். அது சேத்தியா, இல்லையா?"

"வண்டி நின்னுச்சா, ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"அப்ப ஒதுங்கலை."

அண்ணாச்சி விடலை. "சரி. தோசையில ஒரு ஓரம் கருகிப் போச்சு. அதுக்காக அது தோசை இல்லையா?"

"கருகுனா தோசைதான். அந்த ஓரத்துல மாவே ஊத்தலைன்னா?"

அண்ணாச்சி மணலைப் பாத்தாரு. "உங்களுக்கு எப்பவே தெரியுமா?"

"உங்க சக்கரத்துல நாலு கிலோமீட்டருக்கான சேறு இல்லை."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா அங்கயே நின்னு தோசைக் கதை சொல்லியிருப்பீங்க. மழை வேற."



"பயந்துட்டேன் டீச்சர். பிரேக் பிடிக்கலை."

"என்னோடதும் பிடிக்கலை. எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்."

"நீங்களா? எம்புட்டு தூரம்?"

"நாலும்."

அண்ணாச்சி டீச்சரோட சைக்கிளைப் பாத்தாரு. சேறு காஞ்சு ஓடு ஓடா உதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

"இப்ப நனைக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சிரும்."

"அந்த நாலு கிலோமீட்டர்ல என்ன இருந்துச்சு அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாயைத் தொறந்தாரு. உப்பளத்துல கண்ணு கூசுனதைக் கேட்டா சொல்லுவாரு. வாய்க்கா கரையில கறுப்பு நாய் தொரத்துனது, சரளையில பல்லு ஆடுனது, மலை ஏறும்போது எந்தெந்த வளைவுல என்னென்ன சாமியைக் கூப்பிட்டாருங்கறது, அத்தனையும் வரிசையாச் சொல்லுவாரு.

"அன்னாசிப்பழம்"னாரு.

"அப்புறம்?"

"தார்ப்பாய்."

"அப்புறம்?"

அப்புறம் ஒண்ணும் இல்லை. அண்ணாச்சி தலையைச் சொறிஞ்சாரு.

"நீங்க நடந்தே வந்திருக்கீங்கள்லா. நீங்களே சொல்லுங்களேன், என்ன இருந்துச்சு?"

"நான் சொன்னா அதுவும் தார்ப்பாய்தான் அண்ணாச்சி."

போன் திரும்ப அடிச்சுச்சு. அண்ணாச்சி எடுத்து, "மேளக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிரு. ஏன்னு கேக்காத"ன்னுட்டு அமத்துனாரு. பெறகு சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக் கெழக்க திருப்புனாரு. மணல்ல சக்கரம் பொதைஞ்சு லேசுல திரும்பலை. தூக்கித்தான் திருப்ப வேண்டியிருந்துச்சு.

"மலைக்கு மொத பஸ் விடியக்காலமே இருக்கும். நாலையும் முடிச்சிட்டு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்"னாரு. பத்தடி போயிட்டு நின்னு திரும்பிப் பாத்தாரு. "இவ்வளவு தூரம் வந்துட்டு, கடலுக்கு முன்னாடி நின்னுட்டு, அப்படியே முதுகைக் காட்டிட்டுப் போறேனே டீச்சர்."

டீச்சர் சைக்கிளை மணல்ல சாச்சுட்டு, துண்டை விரிச்சு உக்காந்தாங்க.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி. கடல்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."