எந்த முகத்தோடு

"மூணு விதம் இருக்காம். நான் எதைச் செஞ்சுக்கட்டும்?" என்று கேட்டாள் கோதாவரி.

வேலம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுல மூணு?"

"முகத்தைத் தூக்கிக் கட்டுற ஆபரேஷன்ல."

வேலம்மை கையிலிருந்த சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

சிறுமலை அடிவாரத்தில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் தனியாக இருந்தாள் அவள். நாற்பத்து நான்கு வயது. தேடி வருகிறவர்கள் எல்லாரும், அவளைவிட மூத்தவர்கள்கூட, அம்மா என்றே அழைத்தார்கள். அதிகம் பேசமாட்டாள். அண்ணன் தம்பி சண்டையைப் பற்றி ஒருவர் கேட்டால், எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். கேட்டவர் ஏதோ விளங்கியவராகக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

கோதாவரிக்கு அறுபத்தொரு வயது. நான்கு வருடமாக மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்து போகிறவள். இதுவரை எதையும் கேட்டதில்லை. வருவாள், முற்றம் கூட்டுவாள், உட்கார்ந்திருப்பாள், போய்விடுவாள்.

அன்றுதான் முதல் கேள்வி.

"யாருக்காக?" என்று கேட்டாள் வேலம்மை.

கோதாவரி சொன்னாள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், திருநெல்வேலியில் புருஷனையும் ஐந்து வயது மகளையும் விட்டுவிட்டு வேறொருவரோடு நாசிக்குக்குப் போனவள் அவள். யாரும் துரத்தவில்லை. புருஷன் அடித்தவரும் இல்லை, குடித்தவரும் இல்லை. அவளாகத்தான் போனாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகப் போனாள்.

நாசிக்கில் அவளோடு வாழ்ந்தவர் இறந்த பிறகு மதுரைக்கு வந்து ஒரு ஃபிளாட்டில் தங்கினாள். திருநெல்வேலி மூன்று மணி நேரப் பயணம். ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது?

இப்போது உறவுக்காரர் ஒருவரிடம் விலாசம் வாங்கி, மகளே எழுதியிருந்தாள். பெயர் மஞ்சரி. மெல்போர்னில் வேலை. கடிதம் சிறியது.

அப்பா போய்விட்டார். இனி யார் மனதும் நோகாது. பங்குனியில் ஊருக்கு வருகிறேன். உங்களை ஒரு தடவை பார்க்கலாமா? உங்கள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசி வரியைத்தான் கோதாவரி நூறு தடவை படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். மகள் ஞாபகம் வைத்திருக்கும் முகம் அதில் இல்லை. கன்னம் இறங்கி, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தொங்கியது. வாயின் இரண்டு பக்கமும் கோடு விழுந்து, சும்மா இருக்கும்போதும் கோபமாக இருப்பது போலத் தெரிந்தது.

டாக்டரிடம் போனாள். அவர் பொறுமையாக விளக்கினார். முதல் வகை, காதுக்கு முன்னால் சின்னதாகக் கீறி, தோலை மட்டும் இழுத்துத் தைப்பது. பத்து நாளில் வெளியே தலைகாட்டலாம். ஆனால் சில வருடத்தில் பழையபடி இறங்கிவிடும். இரண்டாவது வகையில் காதைச் சுற்றிக் கீறல் வரும். தோலுக்கு அடியில் இருக்கும் தசைப் படலத்தையும் சேர்த்துத் தூக்குவார்கள். தாடையும் கழுத்தும் சரியாகும். வீக்கம் வடிய ஒரு மாதம். மூன்றாவதில் அந்தப் படலத்துக்கும் கீழே போவார்கள். கன்னத்தையே அடியோடு விடுவித்து மேலே நகர்த்துவார்கள். நன்றாக அமைந்தால் செய்ததே தெரியாது, நெடுநாள் நிற்கும். ஆனால் முகத்து நரம்புகள் ஓடும் இடம். சிலருக்கு ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

"எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்கன்னார். ரெண்டரை மாசம் இருக்கு. எனக்கு யோசிக்கத் தெரியலம்மா."

வேலம்மை எழுந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கோதாவரியின் எதிரில் வந்து உட்கார்ந்து, வலது உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தாள்.

வைத்த கையை எடுக்கவில்லை. தொங்கிய சதை உள்ளங்கையில் நிறைந்து கிடந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு எழுந்து துணி உலர்த்தப் போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கோதாவரி அந்தக் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். மேலோட்டமாகச் செய்தால் போதாது, அடிவரைக்கும் போ என்கிறார்கள்.

மூன்றாவதைச் செய்துகொண்டாள்.

இரண்டாம் நாள் இடது கன்னத்துக்குள் ரத்தம் கட்டியது. தையலைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி தைத்தார்கள். வலது பக்கம் ஒழுங்காக ஆறியது. இடது பக்கம் வீங்கியே கிடந்தது. கட்டைப் பிரித்த அன்றைக்கு டாக்டர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். வாயின் ஒரு பாதிதான் மேலே போனது.

நரம்பு அதிர்ந்து போயிருக்கிறது, அறுந்து போகவில்லை, திரும்பி வரும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் அவர். எத்தனை நாள் என்று கேட்டாள். நாள் கணக்கு சொல்ல முடியாது, மாதங்கள் ஆகலாம் என்றார்.

மஞ்சரி வருவதற்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. பிறகு மூன்று வாரம். பிறகு ஒன்று.

கோதாவரி செய்தி அனுப்பினாள். உடம்பு சரியில்லை, சித்திரை கழிந்து வா, அப்போது நன்றாகப் பார்க்கலாம்.

மஞ்சரியிடமிருந்து ஒரே சொல் வந்தது. சரி.

ஆனால் முதலில் சொல்லியிருந்த அதே தேதியில், காலை பதினோரு மணிக்கு, அழைப்பு மணி அடித்தது.

கோதாவரி கதவுத் துளையில் கண்ணை வைத்தாள்.

வெளியே ஒரு பெண் நின்றாள். பருத்திச் சேலை, தோளில் பை, கையில் அல்வாப் பொட்டலம். முப்பத்தாறு வயது. வாயின் இரண்டு பக்கமும் இப்போதே லேசாகக் கோடு விழுந்திருந்தது. தாடைக்குக் கீழே சதை மெல்லத் தளரத் தொடங்கியிருந்தது. யாருடைய மகள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் கோதாவரி வேண்டாம் என்று அறுக்கக் கொடுத்தது அந்தத் தாடையைத்தான்.

கை தாழ்ப்பாளில் இருந்தது.

இந்தக் கோணல் வாயோடு, இந்தப் பாதி வீங்கிய முகத்தோடு கதவைத் திறந்தால், இனி அவளுக்கு இதுதான் ஞாபகம் இருக்கும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சநாள் என்று நினைத்தாள்.

மஞ்சரி மூன்று தடவை மணி அடித்தாள். அப்புறம் அடிக்கவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து, கதவுத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு மணிக்குப் படியிறங்கிப் போனாள். கொண்டுவந்த பொட்டலத்தைக் கையிலேயே கொண்டுபோனாள்.

ஆடி பிறந்த பிறகுதான் கோதாவரி சிறுமலைக்கு வந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. கழுத்து வழவழவென்று இருந்தது. வாயின் இடது ஓரம் இன்னும் முழுசாக எழவில்லை. பேச்சில் லேசாகக் குழறல்.

வேலம்மை அவளைப் பார்த்ததும், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

கோதாவரி கும்பிடவில்லை.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"கன்னத்துல கை வச்சீங்களே. அடிவரைக்கும் போன்னு அதுக்கு அர்த்தம் இல்லையா?"

வேலம்மை முறத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத் தன்னிடம் பதிலே இல்லை என்றாள் பிறகு. தன் அம்மா இறந்தது வெளியூர் ஆஸ்பத்திரியில். தகவல் கிடைத்துப் போய்ச் சேருவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. கோதாவரி மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய தொங்கிய கன்னம்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

"தொடணும்போல இருந்துச்சு. தொட்டேன். அவ்வளவுதான்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

ஒரு காகம் முறத்தில் இருந்த உளுந்தைக் கொத்த வந்தது. இருவரும் விரட்டவில்லை.

"நான் எதைச் செஞ்சாலும் வர்றவங்க அர்த்தம் எடுத்துக்கிட்டுப் போறாங்க," என்றாள் வேலம்மை. "அது எனக்கும் பழகிப் போச்சு. வாயைத் திறந்து சொல்றது விட்டுப்போச்சு. தப்பு என்மேலதான்."

கோதாவரி கோபத்தோடுதான் வந்திருந்தாள். வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி பங்குனியில் நடந்ததைச் சொன்னாள். மணி அடித்ததை, பொட்டலத்தை, அந்தத் தாடையை. அழுதபோது வலது பக்கம் மட்டும் முகம் சுருங்கியது.

மகள் மெல்போர்னுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்றாள். செய்தி எதுவும் இல்லை. தானும் எழுதவில்லை. சித்திரை கழிந்து வரச் சொன்னதற்கு இனி அர்த்தமும் இல்லை. மகளைப் பொறுத்தவரை, தான் அவளை இரண்டு தடவை விட்டுப் போனவள்.

"எவ்வளவு நேரம் நின்னா?" என்று கேட்டாள் வேலம்மை.

"ஒரு மணி நேரம்."

"நீங்க?"

கோதாவரிக்கு முதலில் கேள்வி புரியவில்லை.

"நானும்தான்," என்றாள். "அவ போற வரைக்கும் துளையிலிருந்து கண்ணை எடுக்கல."

வேலம்மை அவளை நேராகப் பார்த்தாள்.

"இது உங்க மகளுக்குத் தெரியுமா?"

கோதாவரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இந்தத் தடவை நான் வாயைத் திறந்து சொல்றேன்," என்றாள் வேலம்மை. "கூப்பிடுங்க."

கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காது. கோதாவரி எழுந்து வெயிலில் பாதைவரை நடந்து போனாள். எண் இருந்தது. ஒருநாளும் அதில் பேசியதில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு மகளின் குரல் எப்படி மாறியிருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அடுக்கியது எல்லாம் கலைந்தது.

நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ?"

பின்னணியில் குழாய் ஓடும் சத்தம். பாத்திரம் உரசும் சத்தம்.

கோதாவரி தன் பெயரைச் சொல்லவில்லை. அம்மா என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை.

"அன்னைக்கு நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன், மஞ்சரி. கதவுக்குப் பின்னாலயே நின்னேன். நீ போற வரைக்கும்."

குழாய்ச் சத்தம் நின்றது.

"தெரியும்," என்றாள் மஞ்சரி. "அதனாலதான் அவ்வளவு நேரம் நின்னேன்."